நன்றிப் பட்டியலில் அறுபத்து மூன்று பெயர்கள்

டெல்ஃபோர்ட், கான்சாஸ்
செப்டம்பர் 8, ஞாயிறு

அன்புள்ள ஒடிலியா அக்கா,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எனக்குப் பாதகமான விஷயங்களையும் மறைக்கப் போவதில்லை. நாலு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. தாளில் எழுதினால் என்றைக்காவது பிரித்துத்தான் ஆக வேண்டும்.

வியாழக்கிழமை 'டெல்ஃபோர்ட் கூரியர்' வந்தது. ஐந்தாம் பக்கம் முழுவதும் ஒரே விளம்பரம். மேலே நம் மைதானத்தின் படம், புதிய விளக்குக் கம்பங்களோடு. அதன் கீழே பெரிய எழுத்தில், 'டெல்ஃபோர்ட் பேசுகிறது: சட்டத்தை மீறியவர்களுக்குப் பூட்டு, நமக்கு வேலை!' அதற்கும் கீழே, 'கீல்பர்ன் நிறுவனத்தின் குடியேறிகள் தடுப்புக்காவல் மையத்தை வரவேற்கும் உங்கள் அண்டை வீட்டார்' என்று அறுபத்து மூன்று பெயர்கள். ஐம்பத்து ஐந்தாவது பெயர் அன்செல்மோ ஷோல். ஐம்பத்து ஆறாவது பல்தசார் ஷோல்.

அப்பாவின் பெயர் அக்கா. அப்பாவுக்கு மேலே சித்தப்பாவின் பெயர்.

அந்தப் பெயர்கள் எங்கிருந்து போயின என்பது உனக்கும் எனக்கும் தெரியும். ஆகஸ்டில் மாட்டிறைச்சி ஆலைக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்கு கீல்பர்ன்காரர்கள் விளக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அவர்களின் விளம்பர வேலையை உன் அலுவலகம்தான் பார்க்கிறது என்று சொன்னாய். நன்றி சொல்லிப் பெயர்கள் வாங்கி அனுப்பு என்று அவர்கள் தாளையும் அனுப்பினாய். நான் அதைப் பலகையில் குத்திக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் போனேன். கோல்காப்பாளர் செவெரினோ மச்சாடோ கம்பத்தில் தாளை வைத்து, தன் பெயருக்குப் பக்கத்தில் சட்டை எண் 1 என்றும் எழுதினார். அப்பா தன் பெயரை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கொடுக்கவே இல்லை.

"அன்செல்மோ பேரையும் போடறேன்டி. வெளிச்சத்துல ஆடணும்னு எத்தன நாள் சொல்லியிருப்பான். அவனும் நன்றி சொல்லட்டும்."

நம் வீட்டில் நன்றி சொல்லும்போது இறந்துபோனவர்களின் பெயரையும் சேர்த்துத்தானே சொல்வோம். அதனால் எனக்கு விநோதமாகப் படவில்லை. தட்டச்சு செய்யும்போது சித்தப்பா பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சிலுவை போட்டேன். உனக்கு அனுப்பிவிட்டு ரொம்பப் பெருமையாக இருந்தேன்.

நேற்று முன்தினம் அப்பா மைதானத்துக்குப் போனார். செவெரினோ எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினார்: "வாங்க கேப்டன் ஐயா! எங்களையெல்லாம் உள்ள தள்ளிட்டு யார்கூட ஆடப் போறீங்க? சின்னவ இங்க தாள நீட்டுறா, பெரியவ அங்க அச்சடிக்கிறா. குடும்பமே நல்லாத்தான் பங்கு பிரிச்சிருக்கீங்க!"

யாரும் சிரிக்கவில்லை. ஆட்டம் முழுக்க அப்பாவுக்கு ஒருவரும் பந்து கொடுக்கவில்லை. அவர் தொண்ணூறு நிமிடமும் ஓடினார்.

அக்டோபர் 7 திங்கள்கிழமை மாவட்ட ஆணையர்கள் மூன்று பேரும் தடுப்பு மையத்துக்கு வாக்களிக்கிறார்கள். அதற்குள் அந்தப் பெயர்களைத் திரும்ப வாங்கித் தா.

உன் தங்கை,
மிர்த்தா


வாஷிங்டன்
செப்டம்பர் 13

மிர்த்தா,

இனிமேல் போன் செய்யாதே. என் போன் அலுவலகம் கொடுத்தது, அதில் வருவதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எழுதுவதென்றால் இந்த உறையில் இருக்கும் என் அறை விலாசத்துக்கு எழுது.

நீ கொடுத்த தாளின் அடியில் ஒரு வரி இருந்தது. சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில். 'கையெழுத்திடுவோரின் பெயர்களை நிறுவனம் தன் விளம்பரங்களில் பயன்படுத்தலாம்.' மாத்திரைச் சீட்டைக்கூட முதலிலிருந்து கடைசி வரை படிக்கிறவள் நீ. அதை மட்டும் எப்படி விட்டாய்? சட்டப்படி யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

விளம்பரம் என்றால் பெயர் வேண்டும். அது என் வேலை. அந்த வேலையின் சம்பளத்தில்தான் அம்மா முழங்கால் அறுவைக்குப் போனாள். அது உனக்கு மறந்திருக்கும், அம்மாவுக்கும் மறந்துவிட்டது, பரவாயில்லை. மையம் வந்தால் இருநூறு பேருக்கு வேலை. டெல்ஃபோர்ட்டில் கடைசியாக எப்போது ஒரு புதிய கதவு திறந்தது, சொல்லு. ஒரு வாரத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். விளக்கு மட்டும் இருக்கும்.

சித்தப்பா பெயர் வந்தது தவறுதான். பட்டியல் கணினியில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. மனுஷர் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

அப்பாவை இரண்டு வாரம் வேறு ஏதாவது ஆடச் சொல்லு.

ஒடிலியா


டெல்ஃபோர்ட்
செப்டம்பர் 18

அன்புள்ள அக்கா,

அந்த வரியை நான் படிக்கவில்லை. அது என் தப்பு. என் நோட்டில் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டேன். இனி அதை யாரும் எனக்குச் சொல்லிக்காட்ட முடியாது, நீ உள்பட.

இப்போது நான் படித்த வேறு வரிகளைச் சொல்கிறேன். நூலகத்தில் மற்ற மாவட்டப் பத்திரிகைகளும் வரும். கீல்பர்ன் மையம் கட்ட விரும்புகிற மூன்று மாவட்டங்களின் பத்திரிகைகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தேன். ஆகஸ்டில் மூன்றிலும் ஒரே செய்தி வந்திருக்கிறது. எழுதியவர் பெயர் கிடையாது. ஊர்ப் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. நம் கூரியரில், 'ஆற்றங்கரைக் குடும்பங்கள் இப்போதெல்லாம் பொழுது சாய்வதற்குள் கதவைத் தாழிட்டுக்கொள்கின்றன' என்று இருக்கிறது. எந்த ஆறு அக்கா? டெல்ஃபோர்ட்டில் ஓடுவது ஆலையின் கழிவு வாய்க்கால் ஒன்றுதான். அதன் கரையில் குடியிருப்பவை வாத்துகள்.

பத்திரிகை ஆசிரியர் ஹோஸ்டெட்லரிடம் போனேன். எனக்குப் பள்ளிப் பக்கம் எழுதக் கொடுத்தவர் அவர், அதனால் பயமில்லாமல் போனேன். ஆற்றைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் துடைத்தார்.

"எல்லாத்தையும் நானே எழுதறேன்னு நெனச்சியாம்மா? ஒரு ஆளு, ஒரு கம்ப்யூட்டர், எட்டுப் பக்கம். ரெடியா வருது, போடறேன்."

"திருத்தம் போடுங்க சார். விளம்பரத்துக்கும் சேர்த்து."

"மெயின் ரோட்டுல கடையெல்லாம் மூடியாச்சு. இப்ப விளம்பரம் தர்றது அவங்க மட்டுந்தான். திருத்தம் போட்டா அடுத்த வாரம் பத்திரிகையே இருக்காது."

"அப்ப இந்த வாரம் இருக்கறது பத்திரிகையா சார்?"

கேட்டவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பிறகு சொன்னார்: "பதினஞ்சு வயசுப் பொண்ணு சொன்னான்னு என்னால போட முடியாது. அந்த நன்றிப் பேரையெல்லாம் எடுத்து இப்படிப் போட்டோம்னு அந்த ஆபீஸ்ல இருக்கற ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, முதல் பக்கத்துல போடறேன். அப்புறம் வர்றது வரட்டும்."

அந்த ஆபீஸில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான் இருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. விளம்பரத்தை மறுபடி பார்த்தேன். 'செவெரினோ மச்சாடோ 1' என்று சட்டை எண்ணோடு அப்படியே அச்சாகியிருக்கிறது. இரண்டு பேர் எழுதிய நட்சத்திரக் குறிகளும் இருக்கின்றன. சித்தப்பா பெயருக்குப் பக்கத்தில் நான் போட்ட சிலுவை மட்டும் இல்லை. கணினி எடுத்திருந்தால் எல்லாவற்றையும் எடுத்திருக்கும். இதை ஒரு கை எடுத்திருக்கிறது.

நீ பார்த்தாயா?

மிர்த்தா


வாஷிங்டன்
செப்டம்பர் 22

மிர்த்தா,

முடியாது.

கையெழுத்துப் போட்டால் இந்த வேலை போகும், இந்த ஊரில் இதே மாதிரி வேலை எதுவும் பிறகு கிடைக்காது. இங்கே தங்க அனுமதி கேட்டு அப்பா போட்ட விண்ணப்பம் பதினோரு வருஷமாக நீதிமன்றத்தில் கிடக்கிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் அவர் விச்சிட்டாவில் இருக்கும் குடிவரவு அலுவலகத்துக்குக் கையெழுத்துப் போடப் போவார், திரும்பி வருவாரோ மாட்டாரோ என்று நாம் வாசலில் உட்கார்ந்திருப்போம். அவர் பெயரை வைத்துக்கொண்டு ஒரு பெரிய நிறுவனத்தோடு மல்லுக்கு நிற்பது புத்திசாலித்தனமா? நீ துப்பறியும் கதை படிக்கிறாய். நான் வாடகை கொடுக்கிறேன்.

சிலுவையைப் பற்றிக் கேட்டாய். நான் பார்க்கவில்லை.

ஒடிலியா


டெல்ஃபோர்ட்
செப்டம்பர் 26

அக்கா,

சரி. நீ பார்க்கவில்லை என்று எழுதியதையும் தேதியோடு நோட்டில் எழுதிவைத்தேன்.

இங்கே நடப்பது இதுதான். ஆலையில் அப்பாவோடு யாரும் மேசையில் உட்காருவதில்லை. அவர் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு லாரி நிற்கும் இடத்தில் போய்ச் சாப்பிடுகிறார். வெள்ளிக்கிழமைகளில் மைதானத்துக்குப் போவதை மட்டும் விடவில்லை. போன வாரம் அவராகவே பந்தைப் பறித்து, அவராகவே ஒரு கோல் போட்டார். கைதட்டியது நான் ஒருத்திதான்.

உன் முதல் கடிதத்தை அவருக்குப் படித்துக்காட்டினேன். 'சித்தப்பா பெயர் வந்தது தவறுதான்' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். உள்ளே போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். அரிசோனாவிலிருந்து வந்த சித்தப்பாவின் இறப்புச் சான்று. ஒன்பது வருஷமாக நான் அதைப் பார்த்ததே இல்லை. 'கண்டெடுக்கப்பட்ட இடம்' என்ற கட்டத்தில் ஊர்ப் பெயர் இல்லை, சாலையிலிருந்து எத்தனை மைல் என்று மட்டும் இருக்கிறது.

"ஏழாம் தேதி நான் போய்ப் பேசறேன்" என்றார்.

அம்மா கரண்டியை அடுப்பு மேடையில் போட்டாள். "பேசுவீங்க! மேடையில பேரக் கேப்பாங்க, விலாசத்தக் கேப்பாங்க. எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டு வாங்க, மறுநாள் வந்து கூட்டிட்டுப் போகட்டும்!"

"பேருதான் ஏற்கெனவே பேப்பர்ல இருக்கே. நான் போய் அத வாங்கிட்டு வரேன்."

"மூத்தவ போட்ட தீய நீங்க போய் அணைக்கணுமா?"

"அவ என் பொண்ணு. அவன் என் தம்பி. வேற யாரு போவா?"

அம்மா அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள், ரொம்ப அழுத்தி.

நான் பட்டியலில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் மறுபடி போகிறேன். 'நான் நன்றி சொன்னது விளக்குக்கு மட்டும்' என்று ஒரு தாள் எழுதியிருக்கிறேன். இந்த முறை ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்துக்காட்டிய பிறகுதான் பேனாவைக் கொடுக்கிறேன். செவெரினோ மூன்று முறை படிக்கச் சொன்னார். பிறகு தாளைத் திருப்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பின்பக்கமும் பார்த்தார்.

"பொடி எழுத்து ஒண்ணும் இல்லையே, கண்ணாடிக்காரி?"

"இல்ல மாமா."

"உங்க அக்கா கையெழுத்து போட்டுருக்காளா?"

"இன்னும் இல்ல."

"அப்ப மேல அவளுக்குன்னு ஒரு எடம் விட்டு வெச்சு, அதுக்குக் கீழ நான் போடறேன்."

அப்படியே போட்டார். இதுவரை ஐம்பத்தொரு கையெழுத்து. முதல் வரி காலியாக இருக்கிறது.

மிர்த்தா


வாஷிங்டன்
அக்டோபர் 1

மிர்த்தா,

நான் பார்த்தேன்.

மாலை ஆறு மணி. ஏழுக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். பெயர்களை வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன், ஐம்பத்து ஐந்தில் சித்தப்பா நின்றார், உன் சிலுவையோடு. பெயரை எடுத்தால் எண்ணிக்கை அறுபத்து இரண்டாகும். பட்டியலில் அறுபத்து மூன்று பேர் என்று கீல்பர்ன்காரர்கள் ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். ஏன் குறைந்தது என்று கேட்பார்கள், காரணம் சொல்ல வேண்டும், சொன்னால் அந்தப் பட்டியல் என்ன பட்டியல் என்பது வெளியே வரும். அதனால் சிலுவையை மட்டும் எடுத்தேன். ஒரு விசையை ஒரு முறை அழுத்தினால் போதும். அழுத்திவிட்டுக் காபி குடிக்கப் போனேன். இதை நீ நோட்டில் எழுதிக்கொள்.

அந்த ஆற்றையும் நான்தான் எழுதினேன். முதலில் ஜார்ஜியாவில் ஒரு மாவட்டத்துக்காக எழுதியது, அங்கே ஆறு உண்டு. பிறகு இருபத்தாறு பத்திரிகைகளுக்குப் போயிற்று. ஆணையர்களுக்குக் குவிந்த 'பொதுமக்கள் கடிதங்களில்' பாதியை எழுதியதும் எங்கள் அலுவலகத்தில் இருக்கும் நாலு பேர்தான். பொழுது சாய்வதற்குள் கதவைத் தாழிடும் குடும்பம் என்று எழுதும்போது என் மனதில் வந்தது எந்தக் குடும்பம் தெரியுமா? நம் குடும்பம். விச்சிட்டா போய்வந்த நாட்களில் அம்மா மதியமே கதவைத் தாழிடுவாளே, அது. அதை எடுத்து வேறு யாருக்கோ மாட்டிவிட்டேன். நன்றாக எழுதியிருக்கிறாய் என்றார்கள்.

நீ ஒரு வரியைக் காலியாக விட்டிருப்பதாக எழுதினாய். இரண்டு நாள் அலுவலகத்தில் எதைத் திறந்தாலும் அந்தக் காலி வரிதான் தெரிந்தது.

உறையில் மூன்று பக்க வாக்குமூலம் இரண்டு பிரதி இருக்கிறது. நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டது. பட்டியல் எப்படி வந்தது, யார் மாற்றியது, செய்திகளை எழுதுவது யார், எல்லாம் தேதியோடு. ஒன்றை ஹோஸ்டெட்லரிடம் கொடு, ஒன்றை ஆணையர்களிடம் கொடு. போனை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். இப்போது கையில் இருப்பது இந்தப் பேனாதான்.

அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே. இதை அப்படியே படித்துக்காட்டு. எந்த இடத்திலும் நிறுத்தாதே.

ஒடிலியா


டெல்ஃபோர்ட்
அக்டோபர் 11, வெள்ளி

அன்புள்ள அக்கா,

எங்கும் நிறுத்தாமல் படித்தேன். அப்பா கடைசி வரை கேட்டார். பிறகு எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து, "சிலுவை விஷயத்த ரெண்டாவது தடவ படி" என்றார். படித்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "அவளே எழுதிட்டா, இல்ல?"

திங்கள்கிழமை, ஆணையர்கள் கூடும் மாவட்ட நீதிமன்றக் கூடம் நிறைந்துவிட்டது. கீல்பர்ன் நிறுவனத்தின் ஆள், காலணி முதல் புன்னகை வரை எல்லாம் புதிதாக, படம் போட்டுப் பேசினார். பெரிய திரையில் நம் மைதானம். "உங்கள் ஊரின் அறுபத்து மூன்று குடும்பங்கள்" என்றார். அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் மொழிபெயர்க்கக் கூடவே எழுந்தேன். அவர் என் தோளில் கை வைத்து என்னை உட்காரவைத்துவிட்டுத் தனியாகப் போனார். துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் இரண்டு வாரம் பழகிய ஆங்கிலம் அது. நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்:

"ஐம்பத்தாறாவது பேரு நான். எனக்கு மேல இருக்கறது என் தம்பி. அவன் இந்த ஊரப் பார்த்ததே இல்ல. வர்ற வழியில பாலைவனத்துல செத்துட்டான். இதுதான் அவன் காகிதம். அவன மாதிரி வர்றவங்கள அடைச்சு வைக்கணும்னு அவன் பேரப் போட்டே கேட்டிருக்கீங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம். அவன் பேரக் குடுங்க, நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

பிளாஸ்டிக் உறையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆணையர்களில் ஒருவர், தீவனக் கடை வைத்திருக்கும் வேண்டா கிரைடர் என்ற அம்மாள். உன் மூன்று பக்கத்தையும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்துவிட்டு, புதுக் காலணிக்காரரிடம் கேட்டார்: "அது சரிங்க, இந்த ஊர்ல ஆறு எங்க இருக்கு? நாப்பது வருஷமா தேடறேன், எனக்கும் காட்டுங்க." கூடம் சிரித்தது. புதுக் காலணிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பட்டியலில் இருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். முதலில் எழுந்தது செவெரினோ.

நாம் ஜெயித்தோம் என்று எழுத முடியாது. இரண்டுக்கு ஒன்று என்று வாக்கெடுப்பை ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். புதுக் காலணிக்காரர் ஜனவரியில் மறுபடி வருவார், வேறு படங்களோடு. நாங்களும் வருவோம். இப்போதே தாள் தயாராக இருக்கிறது. உன் மூன்று பக்கத்தின் நகலை அதன் தலையில் இணைத்திருக்கிறேன், முதல் வரி இனி காலியாக இல்லை.

நேற்று கூரியர் வந்தது. முதல் பக்கத்தில் உன் கடிதம், உன் பெயரோடு. கீல்பர்ன்காரர்கள் விளம்பரத்தை நிறுத்திவிட்டார்கள் போல, ஐந்தாம் பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. ஒரு மூலையில் பொடி எழுத்தில், 'இந்த இடத்தில் எழுத விரும்புகிறவர்கள் ஆசிரியரைப் பார்க்கவும்' என்று மட்டும். பொடி எழுத்தை இப்போது நான் முதலில் படிக்கிறேன். நாளை அவரைப் பார்க்கப் போகிறேன்.

விச்சிட்டாவிலிருந்து இதுவரை எதுவும் வரவில்லை. அம்மா கதவைத் தாழிடுகிறாள், ஆனால் சாயங்காலம்தான். நீ அடுத்த வாரம் சனிக்கிழமை பஸ்ஸில் வருவதாக எழுதியதை அவளிடம் சொன்னேன். "வந்தா வான்கோழிக் குழம்பு இருக்கும்னு எழுது. பேச்சு இருக்கும்னு எழுதாத" என்றாள். பிறகு உன் கட்டிலிலிருந்து என் புத்தகங்களை அவளே எடுத்துக் கீழே வைத்தாள்.

இதை மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து முடிக்கிறேன். ஆட்டம் தொடங்கும் முன்னால் எல்லாரும் நடுக்கோட்டில் கூடினார்கள். கம்பத்தின் பலகையில் கீல்பர்ன் பெயர் இன்னும் இருக்கிறது. செவெரினோ அதைத் தட்டிக்காட்டினார்.

"இந்த வெளிச்சத்துல ஆடுனா நாளைக்கு இதையும் கையெழுத்துன்னு சொல்லுவான். கேப்டன், என்ன சொல்றீங்க?"

'ஐயா' இல்லை. வெறும் 'கேப்டன்'.

அப்பா வானத்தைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கு. இருக்கற வரைக்கும் ஆடுவோம். அடுத்த வாரத்துலேருந்து ஞாயித்துக்கிழமை காலைல வெச்சுக்கலாம்."

"காலைலயா! ஞாயித்துக்கிழமை எவன் எழுந்திருப்பான்?"

"நீ எழுந்திரிக்காட்டி பத்து கோல் போடுவேன்."

கை தூக்கச் சொன்னார்கள். எண்ணினேன், எல்லாக் கையும் மேலே இருந்தது. அப்பா விசைப்பெட்டிக்குப் போகும் வழியில் பின்னாலிருந்து யாரோ அவர் காலுக்குப் பந்தை உருட்டிவிட்டார்கள். அதை அவர் காலோடு தள்ளிக்கொண்டே நடந்தார். பெட்டியைத் திறந்தார். மணி ஆறு ஐம்பது.

விளக்குகள் அணைக்கப்பட்டன.